ராணா பிளாசா: இடிபாட்டிலிருந்து ஒப்பந்தத்துக்கு

2013இல் ஆடைத் தொழிலாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட ராணா பிளாசா கட்டடம் ஏன் இடிந்தது என்று கண்டுபிடிக்க வங்கதேசத்துக்கு அதிக நாள் ஆகவில்லை. குளத்தை நிரவி எழுப்பிய கட்டடம், அனுமதியை மீறி ஏற்றிய மாடிகள், மேல் தளங்களில் கனமான ஜெனரேட்டர்கள். உரிமையாளர் சோஹேல் ராணா இந்தியாவுக்குத் தப்ப முயன்று, எல்லையை ஒட்டிய பேனாபோலில் நான்காம் நாளே பிடிபட்டார். வருடக்கணக்கில் விடை கிடைக்காமல் இழுபட்ட கேள்வி வேறு. அந்தக் கட்டடத்தில் தைத்த துணி யாருடையது? துணிக்குச் சொந்தக்காரர்களுக்கு அங்கே நடந்த சாவுகளில் என்ன பொறுப்பு?

உலகப் பிராண்டுகளைப் பொறுப்பேற்க வைக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு நான் ராணா பிளாசாவைத்தான் எடுத்துச் சொல்வேன். முடியும் என்பதற்கும் அதுதான் சான்று. எந்த இடம் வரை முடிந்தது, எந்த இடத்தில் நின்றுபோனது என்பதற்கும் அதுதான் சான்று.

ஒரே கட்டடம், ஒரே விரிசல்

டாக்காவை ஒட்டிய சாவரில் இருந்தது அந்த எட்டு மாடிக் கட்டடம். கீழே கடைகளும் பிராக் வங்கியின் கிளையும். மேலே ஐந்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள்: நியூ வேவ் பாட்டம்ஸ், நியூ வேவ் ஸ்டைல், பேண்டம் அப்பேரல்ஸ், பேண்டம் டாக், ஈதர் டெக்ஸ். ஒன்பதாவது மாடி எழும்பிக்கொண்டிருந்தது.

2013 ஏப்ரல் 23 செவ்வாய்க்கிழமை, தூண்களிலும் சுவரிலும் பெரிய விரிசல் தெரிந்தது. பார்வையிட்ட பொறியாளர் கட்டடம் ஆபத்தான நிலையில் இருப்பதாகச் சொன்னார். எல்லோரும் வெளியேற்றப்பட்டனர். தொலைக்காட்சிகள் விரிசலைக் காட்டின. உரிமையாளரோ கட்டடத்துக்கு ஒன்றும் ஆகாது என்றார்.

மறுநாள் காலை வங்கி ஊழியர்கள் வரவில்லை, கடைகள் திறக்கவில்லை. தையல் தொழிலாளர்களை மட்டும் நிர்வாகங்கள் அழைத்தன. வாசலில் தயங்கி நின்றவர்களிடம், உள்ளே வராவிட்டால் அந்த மாதச் சம்பளம் கிடையாது என்று மேற்பார்வையாளர்கள் மிரட்டியதைப் பிழைத்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். மாதக் கடைசி. அன்று வங்கதேச ஆடைத் தொழிலின் குறைந்தபட்ச ஊதியம் 3,000 டக்கா (வங்கதேச நாணயம்). ஏறத்தாழ 38 டாலர். மிச்சம் பிடிக்க வழியில்லாத அந்தக் கூலியில் ஒரு மாதச் சம்பளத்தை இழப்பது வாடகையையும் அரிசியையும் சேர்த்து இழப்பது. ஏறிப் போனார்கள். ஒன்பது மணிக்குச் சற்று முன்பு மின்சாரம் நின்றது. ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. கட்டடம் அதிர்ந்து, சில நிமிடங்களுக்குள் தளத்தின் மேல் தளமாக அமிழ்ந்தது.

1,134 பேர் இறந்தனர். 2,500க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். பெரும்பாலோர் இளம்பெண்கள்.

இந்த விவகாரத்தின் கரு அந்த வங்கிக் கிளையில் இருப்பதாக நான் கருதுகிறேன். அதே விரிசலை வங்கி ஊழியர்களும் பார்த்தார்கள், தையல் பெண்களும் பார்த்தார்கள். ஆபத்து இரு தரப்புக்கும் தெரிந்தே இருந்தது. ஒரு தரப்பால் மட்டுமே வரமாட்டேன் என்று சொல்ல முடிந்தது. அந்தக் கட்டடத்தின் ஆடைத் தொழிற்சாலை எதிலும் தொழிற்சங்கம் இல்லை. ஏற்றுமதி ஆர்டருக்குக் கெடு இருந்தது. தாமதமானால் ஆலை முதலாளி விமானத்தில் சரக்கை அனுப்பிச் செலவைத் தாங்க வேண்டும், அல்லது தள்ளுபடி கொடுக்க வேண்டும். அந்தக் கெடுவை விதித்தவர் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருந்தார்.

தணிக்கை பார்த்ததும் பார்க்காததும்

அந்தக் கட்டடத்துக்குள் ஆய்வாளர்கள் வராமல் இல்லை. இரண்டு ஆலைகள் ஐரோப்பிய வணிக அமைப்பான பிஎஸ்சிஐயின் நடத்தை விதிகளின்படி சமூகத் தணிக்கை செய்யப்பட்டவை. பேண்டம் அப்பேரல்ஸ் ஆலையைத் தணிக்கை செய்தது ஜெர்மனியின் சோதனை நிறுவனமான டியூவி ரைன்லாந்து. கட்டடத்தின் உறுதியைச் சோதிப்பது எங்கள் வேலையில் அடங்காது என்பதே பின்னர் வந்த பதில். காகிதப்படி அது சரிதான். தூண் வெடித்திருக்கிறதா என்று பார்ப்பதை வேலையில் சேர்க்காத ஒரு சோதனையை வைத்துக்கொண்டுதான், பிராண்டுகள் தங்கள் வாடிக்கையாளரிடம் எங்கள் துணி நல்ல இடத்தில் தைக்கப்படுகிறது என்று சொல்லிவந்தன.

இது முதல் தடவையும் அல்ல. 2012 செப்டம்பரில் கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் ஆலை எரிந்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஜன்னல்களில் கம்பி, அடைபட்ட வழிகள். தீப்பிடிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலைக்கு எஸ்ஏ 8000 என்ற சமூகப் பொறுப்புச் சான்றிதழ் வழங்கப்பட்டிருந்தது. அதே ஆண்டு நவம்பர் 24 அன்று டாக்காவுக்கு அருகே தஸ்ரின் ஆலை எரிந்து குறைந்தது 112 பேர் இறந்தனர். அங்கேயும் வால்மார்ட் உட்படப் பல நிறுவனங்களுக்கான துணிகள் கிடந்தன. அங்கேயும் எங்களுக்குத் தெரியாமல் சப்ளையர் கைமாற்றிவிட்டார் என்ற விளக்கமே வந்தது.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு ஆடிட் நாள் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. வருகிற தேதி முன்பே தெரியும். அன்று மட்டும் முகக்கவசம் வரும், முதலுதவிப் பெட்டியில் மருந்து நிரம்பும், கழிவறை மணக்கும், எத்தனை மணி நேரம் வேலை என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பது முந்தின நாளே சொல்லித்தரப்படும். தணிக்கைக்குப் பெரும்பாலும் ஆலையே பணம் கட்டுகிறது. அறிக்கை பிராண்டுக்கும் ஆலைக்கும் மட்டும் போகிறது. உயிரைப் பணயம் வைத்து உள்ளே வேலை செய்கிறவருக்கு அதன் ஒரு பக்கமும் காட்டப்படுவதில்லை. தணிக்கையாளர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. இந்த ஏற்பாட்டில் நல்லவர் ஒருவர் போனாலும் விளைவு மாறாது.

இடிபாட்டில் தேடிய லேபிள்கள்

மீட்புப் பணி நடக்கும்போதே தொழிலாளர் அமைப்பினரும் செய்தியாளர்களும் இன்னொன்றைத் தேடத் தொடங்கினர். தூசி படிந்த சட்டைகள், கழுத்துப்பட்டையில் தைத்த லேபிள்கள், ஆர்டர் தாள்கள். யாருக்காக இங்கே வேலை நடந்தது என்று நிரூபிக்க அவற்றைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. பிராண்டுகள் தங்கள் ஆலைகளின் பட்டியலை அப்போது பெரும்பாலும் வெளியிடுவதில்லை.

இத்தாலியின் பெனட்டன் முதலில் அங்கே எங்கள் வேலை நடக்கவில்லை என்றது. அதன் சட்டைகள் இடிபாட்டில் கிடக்கும் படங்கள் வெளியானதும், ஒரு முறை ஆர்டர் கொடுத்திருந்ததாக ஒப்புக்கொண்டது. வால்மார்ட்டுக்கான ஜீன்ஸ் வேலை 2012இல் ஈதர் டெக்ஸுக்குப் போன ஆவணம் வெளிவந்தது. அது அனுமதியின்றிச் சப்ளையர் கொடுத்த வேலை என்றது அந்நிறுவனம். அயர்லாந்தின் பிரைமார்க்கும் கனடாவின் லோப்லாவும் தங்கள் தொடர்பை மறுக்காமல் ஏற்றுக்கொண்டன.

ஒரு சட்டையின் லேபிளுக்காகப் பிணங்களுக்கு நடுவே தேட வேண்டியிருந்தது என்பதை இன்றும் எழுதும்போது கை தயங்குகிறது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு இழப்பீடு கேட்க அதுவே முதல் சாட்சியம்.

கையெழுத்து

தீர்வு என்னவென்று தொழிற்சங்கங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. 2011 ஏப்ரலில் டாக்காவில் நடந்த ஒரு கூட்டத்தில், ஆலைகளைச் சீர்செய்யப் பிராண்டுகளும் பணம் தர வேண்டும், அதை ஒப்பந்தமாக்க வேண்டும் என்ற யோசனை வைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான ஆலைகளுக்கு அப்படிச் செலவிடுவது பிராண்டுகளுக்குக் கட்டுப்படியாகாது என்று வால்மார்ட் தரப்பு சொன்னது கூட்டக் குறிப்பில் இருக்கிறது. 2012இல் அமெரிக்காவின் பிவிஎச் நிறுவனமும் ஜெர்மனியின் சிபோவும் அத்தகைய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. நான்கு பிராண்டுகள் சேர்ந்தால்தான் நடைமுறைக்கு வரும் என்பது நிபந்தனை. மற்ற இரண்டு வரவில்லை. ஆவணம் தூங்கியது. அது தூங்கிக்கொண்டிருந்தபோதுதான் தஸ்ரின் எரிந்தது, ராணா பிளாசா இடிந்தது.

இடிந்தபின் மூன்று வாரங்களில் நிலைமை தலைகீழானது. உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகளான இண்டஸ்ட்ரிஆலும் யுஎன்ஐயும் 2013 மே 15 என்று கெடு வைத்தன. மே 13 அன்று ஐரோப்பாவின் பெரும் ஆடை நிறுவனங்களான எச் அண்ட் எம், இண்டிடெக்ஸ் ஆகியவை சம்மதித்தன. அதன்பின் வரிசையாக மற்றவை வந்தன. பின்னாளில் 200க்கும் மேற்பட்ட பிராண்டுகள், 1,600க்கும் மேற்பட்ட ஆலைகள், ஏறத்தாழ 20 லட்சம் தொழிலாளர்கள் என்று அது விரிந்தது. அக்கார்டு என்று எல்லோரும் அழைக்கும் வங்கதேசத் தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம் அதுதான்.

இந்த ஆவணத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். நடத்தை விதிகளில் பிராண்டு தனக்குத்தானே வாக்குக் கொடுக்கும். மீறினால் தன்னையே மன்னித்துக்கொள்ளும். அக்கார்டில் எதிர்த் தரப்பு ஒன்று இருந்தது: தொழிற்சங்கம். வழிநடத்தும் குழுவில் பிராண்டுகளுக்கும் சங்கங்களுக்கும் சம இடங்கள். தலைமையில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் பிரதிநிதி. ஆய்வுச் செலவைப் பிராண்டுகளே தங்கள் கொள்முதல் அளவுக்கேற்ப ஏற்க வேண்டும். உச்சவரம்பு ஆண்டுக்கு 5 லட்சம் டாலர். ஆலைகளின் பெயரும் ஆய்வறிக்கையும் பொதுவெளியில் வைக்கப்பட வேண்டும். சீர்செய்ய ஆலை மூடப்பட்டால் தொழிலாளருக்குச் சம்பளம் தொடர வேண்டும். ஆபத்தென்று தெரிந்தால் உள்ளே போக மறுக்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. ஏப்ரல் 24 காலை அந்த வாசலில் இல்லாமல் போனது அந்த உரிமைதான். சீர்செய்ய மறுக்கும் ஆலையிடமிருந்து கையெழுத்திட்ட எல்லாப் பிராண்டுகளும் ஆர்டரை விலக்கிக்கொள்ள வேண்டும். அதோடு, பாதுகாப்பான ஆலை நடத்தக் கட்டுப்படியாகும் விலையில் ஆர்டர் கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது தகராறு தீர்க்கும் பிரிவு. பிராண்டு சொன்னபடி நடக்காவிட்டால் சங்கம் அதை நடுவர் தீர்ப்பாயத்துக்கு இழுக்கலாம். தீர்ப்பை அந்தப் பிராண்டின் சொந்த நாட்டு நீதிமன்றத்திலேயே நிறைவேற்றலாம். அமெரிக்க நிறுவனங்கள் முரண்டு பிடித்தது இந்த வரியில்தான். கேப் நிறுவனம் இந்தப் பிரிவை மாற்றினால் சேருகிறேன் என்று வெளிப்படையாகவே சொன்னது. மாற்றப்படவில்லை, அது சேரவில்லை. கேப்பும் வால்மார்ட்டும் வேறு சிலரும் அந்த ஜூலையில் அலையன்ஸ் என்ற தனி ஏற்பாட்டைத் தொடங்கினர். ஆய்வு, பயிற்சி, கடனுதவி எல்லாம் அதிலும் இருந்தன. எதிர்த் தரப்பாகத் தொழிற்சங்கம் கையெழுத்திடவில்லை. தங்கள் வழக்கறிஞர்கள் அஞ்சிய அந்த ஒரு பிரிவே ஒப்பந்தத்தின் உயிர் என்பதை, சேராமல் நின்ற நிறுவனங்களே தெளிவாகக் காட்டிக்கொடுத்தன.

முதல் சுற்று ஆய்வு 1,100 சொச்சம் ஆலைகளில் 80,000க்கும் மேற்பட்ட குறைகளைக் கண்டது. தாங்க வேண்டியதைவிட அதிக எடை ஏறிய தளங்கள், உருகிய மின்கம்பிகள், தீத்தடுப்புக் கதவில்லாத படிக்கட்டுகள், வேலை நேரத்தில் பூட்டப்படும் மடக்குக் கதவுகள். தணிக்கைச் சான்றிதழ் தொங்கிய ஆலைகளும் இவற்றில் அடக்கம். சில கட்டடங்களை உடனே காலி செய்ய வேண்டியிருந்தது. ஐந்தாண்டு முடிவதற்குள் முதல் ஆய்வில் கண்ட குறைகளில் மிகப் பெரும்பகுதி சரிசெய்யப்பட்டுவிட்டது. வெளியேறும் வழிகளில் பூட்டு அகற்றப்பட்டது என்பது கேட்கச் சின்ன விஷயம். தஸ்ரினிலும் கராச்சியிலும் இறந்தவர்களில் பலருக்குத் தேவைப்பட்டது அவ்வளவே.

இழப்பீட்டுக்கான இரண்டாண்டுகள்

எதிர்காலத்துக்கு ஒப்பந்தம் வந்தது. ஏற்கெனவே இறந்தவர்களுக்கு? அவர்களுக்கு அப்படியோர் ஒப்பந்தம் இருக்கவில்லை. அந்த வேறுபாடு கண்கூடாகத் தெரிந்தது.

வேலையில் நேரும் விபத்துக்கான இழப்பீடு பற்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 121ஆம் உடன்பாட்டை அடிப்படையாகக் கொண்டு, இறந்தவரின் சம்பளம், வயது, அவரை நம்பியிருந்தவர்கள் ஆகியவற்றைக் கணக்கிட்டு நிதி பங்கிடும் முறை உருவானது. தேவை 3 கோடி டாலர் என்று கணக்கிடப்பட்டது. அதில் யார் எவ்வளவு தர வேண்டும் என்பதற்குக் கட்டாயம் எதுவும் இல்லை. விரும்பியவர் விரும்பியதைத் தரலாம். எனவே குடும்பங்கள் காத்திருந்தன. பிரைமார்க் தன் சப்ளையரான நியூ வேவ் பாட்டம்ஸ் தொழிலாளர்களுக்குத் தனியே நீண்டகால இழப்பீடு வழங்கியது. பெனட்டன் 11 லட்சம் டாலர் அறிவித்தது 2015 ஏப்ரலில், பத்து லட்சம் பேர் கையெழுத்திட்ட கோரிக்கை அதன் வாசலுக்குப் போன பிறகு. பெயர் சொல்லாத ஒருவரின் கடைசி நன்கொடையோடு 2015 ஜூனில்தான் நிதி நிரம்பியது. கட்டடம் இடிந்து இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகியிருந்தது. கை கால் இழந்தவர்கள் அதுவரை கடனில் வாழ்ந்தார்கள்.

நீதிமன்றத்துக்குப் போனவர்களுக்கு என்ன கிடைத்தது? லோப்லாவுக்கு எதிராகக் கனடாவின் ஒண்டாரியோவில் தொடுத்த வழக்கு, வங்கதேசச் சட்டமே பொருந்தும், அதன்படி பெரும்பாலானோருக்குக் காலக்கெடு முடிந்துவிட்டது, பிராண்டுக்கு அத்தகைய கடமையும் இல்லை என்று தள்ளுபடியானது. மேல்முறையீடும் பலிக்கவில்லை. கராச்சி ஆலையின் முக்கிய வாடிக்கையாளரான ஜெர்மனியின் கிக் நிறுவனத்துக்கு எதிரான வழக்கை டோர்ட்முண்ட் நீதிமன்றம் 2019 ஜனவரியில் தள்ளியது. பாகிஸ்தான் சட்டப்படி காலக்கெடு தாண்டிவிட்டதாம். அங்கே பேச்சுவார்த்தை மூலம் கிடைத்த 50 லட்சம் டாலர் சொச்சமே குடும்பங்களுக்கு மிஞ்சியது. லாபம் சேர்வது ஒரு நாட்டின் சட்டத்தில், சாவுக்குக் கணக்குப் பார்ப்பது இன்னொரு நாட்டின் சட்டத்தில். இந்தப் பிளவை நான் ஒருபோதும் நியாயமென்று ஏற்கமாட்டேன்.

வங்கதேசத்தில் சோஹேல் ராணாவும் ஆலை முதலாளிகளும் அதிகாரிகளுமாக 41 பேர் மீது குற்றச்சாட்டு பதிவானது. பெரும்பாலோர் மீது கொலைக் குற்றம். வழக்கு ஆண்டுக்கணக்கில் நகர்கிறது. குற்றம் சாட்டப்பட்டோர் பட்டியலில் ஒரு பிராண்டும் இல்லை.

ஹேக் நகரில்

கையெழுத்துக்கு எடை உண்டா என்ற கேள்விக்கு விடை கிடைத்தது நெதர்லாந்தின் ஹேக் நகரில். 2016இல் இரண்டு சங்கக் கூட்டமைப்புகளும் இரண்டு பிராண்டுகள் மீது நடுவர் வழக்குத் தொடுத்தன. சப்ளையர் ஆலைகளை உரிய காலத்தில் சீர்செய்ய வைக்கவில்லை, அதற்குக் கட்டுப்படியாகும் விலை கொடுக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. நிரந்தர நடுவர் நீதிமன்றத்தின் கீழ் தீர்ப்பாயம் அமைந்தது. பிராண்டுகளின் பெயரை வெளியிடக் கூடாதென்று முடிவானது. இந்த ரகசியம் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. வாங்குகிறவர்களுக்குத் தெரிய வேண்டிய பெயர்கள் அவை. பிராண்டுகள் வழக்கே செல்லாது என்று வாதிட்டன. செல்லும் என்று 2017இல் தீர்ப்பாயம் சொன்னது. அதன்பின் இரண்டும் சமரசத்துக்கு வந்தன. 2018 ஜனவரியில் முடிந்த இரண்டாவது வழக்கில் அந்தப் பிராண்டு 23 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. அதில் 20 லட்சம் 150க்கும் மேற்பட்ட ஆலைகளைச் சீர்செய்ய. 3 லட்சம் தொழிலாளர் உதவி நிதிக்கு.

ஒரு பெரிய நிறுவனத்துக்கு அந்தத் தொகை பொருட்டல்ல. ஆனால் பணம் தந்தவர் நன்கொடையாளராகத் தரவில்லை, ஒப்பந்தத்தை மீறியதாகக் குற்றம் சாட்டப்பட்ட தரப்பாகத் தந்தார். பத்து லட்சம் பேர் கையெழுத்திட்டுப் பெனட்டனிடமிருந்து பெற்றதை, இங்கே ஓர் ஒப்பந்தப் பிரிவு பெற்றுக்கொடுத்தது.

வங்கதேச ஆலை முதலாளிகளுக்கு அக்கார்டு கசந்தது. வெளிநாட்டவர் எங்கள் ஆலைகளை ஆள்கிறார்கள் என்றார்கள். சீர்செய்யும் செலவு எங்கள் தலையில், விலையோ ஏறவில்லை என்றார்கள். இரண்டாவது புகாரில் உண்மை இருந்தது. ஒரு முதலாளி தொடுத்த வழக்கில் நீதிமன்றம் தலையிட்டது. 2019 மே மாதம், அக்கார்டு வங்கதேசத்தில் தொடர 281 நாள் அவகாசம் கிடைத்தது. 2020 ஜூனில் ஆய்வுப் பணி ஆர்எஸ்சி என்ற உள்நாட்டு அமைப்புக்கு மாறியது. அதில் ஆலை முதலாளிகளுக்கும் இடம் உண்டு. பிராண்டுகளைக் கட்டும் ஒப்பந்தம் 2021 செப்டம்பர் 1 முதல் பன்னாட்டு அக்கார்டாகத் தொடர்ந்தது. 2023இல் பாகிஸ்தானுக்கும் விரிந்தது. கராச்சித் தீக்குப் பத்தாண்டு கழித்து.

விலையும் கூலியும்

அக்கார்டில் இல்லாதது எதுவோ அது மாறவில்லை. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மார்க் ஆனர் கணக்கிட்டபடி, ராணா பிளாசாவுக்குப் பிந்தைய ஐந்தாண்டுகளில் வங்கதேச ஆலைகளுக்குப் பிராண்டுகள் கொடுத்த விலை 13 சதவீதம் குறைந்தது. தூணைப் பலப்படுத்து, தீக்கதவு போடு, விலையைக் குறை. கட்டுப்படியாகும் விலை என்ற பிரிவு பாதுகாப்புச் செலவை மட்டும் தொட்டது, கூலியைத் தொடவில்லை.

2020 மார்ச், ஏப்ரலில் பெருந்தொற்று வந்தபோது பிராண்டுகள் ரத்து செய்ததும் நிறுத்திவைத்ததுமான ஆர்டர்களின் மதிப்பு 300 கோடி டாலருக்கு மேல் என்று வங்கதேச ஏற்றுமதியாளர் சங்கம் கணக்கிட்டது. தைத்து மடித்து அட்டைப்பெட்டியில் அடுக்கிய சரக்கும் அதில் உண்டு. துணியை முதலாளி சொந்தப் பணத்தில் வாங்கியிருந்தார், தொழிலாளி தைத்து முடித்திருந்தார், வாங்க வேண்டியவர் வாங்கமாட்டேன் என்றார். கொள்முதல் ஒப்பந்தங்களே அதற்கு இடம் கொடுத்தன. அவற்றை எழுதியது வாங்கும் தரப்பு.

குறைந்தபட்ச ஊதியம் 2013 இறுதியில் 5,300 டக்கா ஆனது, 2018 இறுதியில் 8,000, 2023 இறுதியில் 12,500. கடைசித் தடவை தொழிலாளர்கள் கேட்டது 23,000. கேட்டுத் தெருவுக்கு வந்தவர்களில் குறைந்தது நான்கு பேர் உயிரிழந்தனர். கட்டடம் இடிந்து இறக்கும் ஆபத்து குறைந்த நாட்டில், கூலி கேட்டு இறக்கும் ஆபத்து நீடித்தது.

சப்ளையர் ஆலைகளில் நடக்கும் உரிமை மீறல்களையும் பெருநிறுவனங்களே கண்காணித்துத் தடுக்க வேண்டும் என்னும் ஐரோப்பியச் சட்டங்கள் இந்த இடைவெளியை நிரப்பும் என்று பலர் நம்புகிறார்கள். பிரான்ஸின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் ராணா பிளாசாவின் நேரடி விளைவு. ஜெர்மனியின் சட்டம் 2023 முதல் அமலில் இருக்கிறது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியமும் பொது நெறிமுறை ஒன்றை ஏற்றது. அது ஏற்கப்பட்ட மறுவருடமே அதைத் தளர்த்தும் வேலை தொடங்கியது. சட்டம் வேண்டும். ஆனால் டாக்காவில் தூண்களைப் பலப்படுத்தியது சட்டம் அல்ல என்பதை மறக்கக் கூடாது.

திண்டுக்கல்லில் அதே வழி

அக்கார்டு கட்டடத்தைப் பார்த்தது. கட்டடம் உறுதியாக நிற்கும் ஆலைக்குள் ஒரு பெண்ணுக்கு நடப்பதை அது பார்க்கவில்லை. அந்த இடத்தில் அடுத்த அடி எடுத்துவைத்தது முதலில் ஆப்பிரிக்காவின் லெசோத்தோ, 2019இல். லீவைஸ் உட்பட மூன்று பிராண்டுகள் அங்கே பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்துக்கு வந்தன. அடுத்தது நம் திண்டுக்கல்.

2021 ஜனவரியில், திருப்பூரின் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தைச் சேர்ந்த நாச்சி அப்பேரல் ஆலையின் இளம் தலித் பெண் தொழிலாளி கொலை செய்யப்பட்டார். அந்த ஆலையின் மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். அவரால் தான் துன்புறுத்தப்படுவதை அந்தப் பெண் உயிரோடிருக்கும்போதே வீட்டாரிடமும் உடன் வேலை செய்தவர்களிடமும் சொல்லியிருந்தார் என்று குடும்பமும் சங்கமும் கூறின. ஆலைக்கு ஆர்டர் கொடுத்த முக்கிய பிராண்டுகளில் ஒன்று எச் அண்ட் எம். புகார் கொடுக்க இந்தியச் சட்டப்படி உள்ளகக் குழு வேண்டும், நடத்தை விதிகள் இருந்தன, தணிக்கையும் இருந்தது. டாக்காவில் தூணைப் பார்க்காத அதே கண், இங்கே பெண்ணைப் பார்க்கவில்லை.

பெண்கள் தலைமை ஏற்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அங்கே இருந்தது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். கொல்லப்பட்டவரும் அந்தச் சங்கத்தின் உறுப்பினர். ஓராண்டுக்கும் மேல் நடந்த போராட்டத்துக்கும் பேச்சுவார்த்தைக்கும் பின், 2022 ஏப்ரலில் அந்தச் சங்கமும், ஆசிய அளவிலான வாழ்கூலிக் கூட்டமைப்பும், அமெரிக்கத் தொழிலாளர் உரிமை அமைப்பு ஒன்றும் ஈஸ்ட்மேனுடனும் எச் அண்ட் எம்முடனும் ஒப்பந்தம் செய்தன. பின்னர் பிவிஎச்சும் கேப்பும் சேர்ந்தன. ஆம், 2013இல் தீர்ப்பாயப் பிரிவைப் பார்த்து விலகி நின்ற அதே கேப்.

பாலினம், சாதி, இடம்பெயர்ந்து வந்த நிலை ஆகியவற்றின் பேரிலான பாகுபாட்டை இந்த ஒப்பந்தம் பெயர் சொல்லித் தடுக்கிறது. உலக ஆடைத் தொழில் ஒப்பந்தம் ஒன்றில் சாதி என்ற சொல் ஏறியது எனக்குப் பெரிய விஷயம். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள், நூற்பாலைத் தொழிலாளர்கள் உட்பட, இதன்கீழ் வருகிறார்கள். சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த பெண்கள் தையல் வரிசைகளிலேயே கண்காணிக்கிறார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. ஆலை மீறினால் பிராண்டுகள் வணிக ரீதியான நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும்.

முதல் ஆண்டில் 185 குறைகள் எழுப்பப்பட்டன, 182 தீர்க்கப்பட்டன. பாலியல் துன்புறுத்தல் தொடர்பானவை 23. எண்ணிக்கை அதிகமாயிற்றே என்று சிலர் பதறக் கூடும். வாய் திறந்தால் வேலை போகும் என்ற இடத்தில் குறைகளின் எண்ணிக்கை எப்போதும் பூஜ்யமாகத்தான் இருக்கும். 2022 ஜூலையில் நாச்சி ஆலையின் பொருள்களுக்கு அமெரிக்கச் சுங்கத் துறை தடை விதித்தது. ஒப்பந்தத்தின்கீழ் நடந்த சீர்திருத்தங்களைக் காட்டியதும் செப்டம்பரில் தடை நீங்கியது. ஒப்பந்தம் தொழிலாளிக்கு மட்டுமன்றி ஆலைக்கும் கைகொடுத்தது என்று திருப்பூர் முதலாளிகளிடம் சொல்ல இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

இன்னும் இது ஒரு குழுமத்தின் ஆலைகளோடு நிற்கிறது. அதே பிராண்டுகள் துணி வாங்கும் மற்றத் தமிழ்நாட்டு ஆலைகளில் இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனால் 2013இல் இடிபாட்டில் கிளறித் தேடியதைப் போல இன்று தேட வேண்டியதில்லை. எச் அண்ட் எம் முதலான பல பிராண்டுகள் சப்ளையர் ஆலைகளின் பெயரையும் முகவரியையும் இப்போது தாங்களே வெளியிடுகின்றன. தமிழ்நாட்டு ஆலைகளும் அந்தப் பட்டியல்களில் இருக்கின்றன. சங்கங்கள் அவற்றை எடுத்து, எந்த ஆலையில் எந்தப் பிராண்டுகள் சேர்ந்து வாங்குகின்றன என்று ஒப்பிட்டு, அந்தப் பிராண்டுகளுக்கு ஒரே கடிதத்தில் ஒரே கேள்வியை அனுப்பலாம்: திண்டுக்கல்லில் போட்ட கையெழுத்தை இந்த ஆலைக்கும் எப்போது போடப்போகிறீர்கள்?